பெயர் அழிந்த சிலுவை

ராயபுரத்தில் எங்கள் கோயில் அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மதில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை உள்ளே வந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் அப்பாவின் கையிலும் அந்த வாசனைதான். துறைமுக வேலை முடிந்து, சுண்ணாம்பு வாளியோடு என்னையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். தாத்தாவின் சிலுவைக்கு அடித்தபின், பெயர் அழிந்த இன்னொரு சிலுவைக்கும் அடிப்பார்.

"இவரு உன் கொள்ளுத்தாத்தா. மெழுகுவத்தி ஏத்து."

எனக்கு ஒன்பது வயதானபோது, பின்னால் வந்து நின்ற ஒரு பெண் சிரித்தாள். "இன்னா நைனா, எங்க ஆயாவுக்கு நீ வெள்ளையடிச்சிகினு கீற?"

அப்பா மிச்சத்தையும் அடித்து முடித்தார். வீடு வரை என் கையை விடவில்லை.

இன்று தாத்தாவின் பதிவு கிடைத்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: தகப்பன் பெயர் தெரியாது. தாய் பெயர் தெரியாது.

குடும்ப மரம் வரைய நோட்டோடு வந்திருந்த மகள், எதிரே பேனாவைத் திறந்துவிட்டாள். "தாத்தாவோட தாத்தா பேரு கெடைச்சுதா டாடி?"

ஏறிய பேருந்தின் எண்ணைக்கூடச் சரிபார்த்து டைரியில் எழுதுபவன் நான். மேல் வரியிலிருந்த வேறொரு குழந்தையின் தகப்பன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பிழையில்லாமல் எழுதிக்கொண்டாள்.