கோட்டுப் போட்டுக்கொண்டு போன கிராம சபை

எங்கள் ஊர் அரசியல் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில்தான் நடக்கும். மாதனூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர். காலையில் பஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் இறக்கிவிடும், இருட்டும் நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். பஞ்சாயத்து ஆபீஸ் திறந்திருக்கும் நேரத்தில் நாங்கள் ஒருத்தரும் ஊரில் இருக்கமாட்டோம். அதனால் ஊரில் எது நடந்தாலும், நடந்து முடிந்த பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து திட்டுவதுதான் எங்கள் வழக்கம்.

அந்த வருஷம் மட்டும் விஷயம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பாலாற்றங்கரையில் எங்களுக்கு ஒரு கிணறு இருக்கிறது. ஊரின் மற்ற கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்து போகும், பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கிணறுதான். இதை ஒட்டிய புறம்போக்கில் தோல் கழிவு கொட்டக் கம்பெனிக்கு இடம் கொடுப்பது என்று மே தினத்துக் கிராம சபையில் தீர்மானம் போடப்போகிறார்களாம். ‘தொழில் சேமிப்புக் கிடங்கு’ என்று அதற்குப் பெயர். பெயர் வைப்பதில் படித்த பெரிய மனிதர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இதற்குப் பின்னால் இருந்தவர் எங்கள் முதலாளியின் தம்பி. சின்ன முதலாளி என்போம். வேலூர் சத்துவாச்சாரியில் பெரிய வீடு, வாசலில் எந்நேரமும் கொடி கட்டிய கார்கள். வரும் தேர்தலில் நிற்கப்போகிறார் என்பது ஊரறிந்த ரகசியம். எந்த மேடையில் ஏறினாலும், “நானும் உங்களை மாதிரி ஒரு தொழிலாளிதான்” என்று ஆரம்பிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு நாள் எங்கள் தையல் லைனில் வந்து உட்காரட்டும், யார் தொழிலாளி என்று அவர் முதுகே சொல்லும்.

பஸ்ஸில் எங்களோடு வரும் சூப்பர்வைசர் முன்சீட்டில் கண்ணயர்ந்ததும் பின்சீட்டில் எங்கள் கூட்டம் கூடியது. லைனில் எனக்கு அடுத்த மெஷினில் தைக்கிற அக்காதான் தலைவி. எங்கள் பஸ்ஸிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். யாருக்கும் பயப்படமாட்டாள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம், அவளும் நம்பினாள்.

“தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, முழம் இன்னா?” என்றாள். “ஆட்சேபணை உண்டான்னு கேட்டதும் நான் எழுந்துக்கறேன். பின்னாடியே நீங்க எல்லாரும் எழுந்துக்கோங்க. அவ்ளோதான்.”

பஸ்ஸே சரி என்றது. அவளுக்கு அடுத்து நான் பேசுவது என்று முடிவாயிற்று.

லீவுக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் பஸ்ஸில் எழுந்து நின்று ஓர் அறிவிப்புச் செய்தார். மே தினத்துக்குச் சின்ன முதலாளி தன் கையாலேயே ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கப்போகிறார், கிராம சபை முடிந்ததும் அங்கேயே கொடுப்பார், எல்லோரும் கம்பெனிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வரவேண்டும், அப்போதுதான் யாருக்கும் விட்டுப்போகாது என்றார். எங்களுக்குச் சிரிப்பு. ஸ்வீட்டையும் தின்போம், கிணற்றையும் விடமாட்டோம் என்று அக்கா என் காதில் சொன்னாள். எல்லோரும் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மாட்டிக்கொண்டு போனோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையரோ முதலாளியோ லைனுக்குள் வந்தால் தலையைத் தூக்கக்கூடாது. கை நிற்கக்கூடாது, சிரிக்கக்கூடாது, அவர்களாக ஏதாவது கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது, சூப்பர்வைசர்தான் பதில் சொல்வார். இதை மீறி மெமோ வாங்கியவர்கள் உண்டு. வருஷக்கணக்காகப் பழகினால் இது கழுத்து எலும்பிலேயே ஊறிவிடும். பாலிஷ் போட்ட ஷூ சத்தம் கேட்டால் போதும், மூளையைக் கேட்காமலே தலை குனிந்துகொள்ளும்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மேடையில் துண்டு போர்த்திய நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பாட்டில் தண்ணீர். எங்களுக்குக் கீழே ஜமுக்காளம். யாரும் சொல்லாமலே கம்பெனியில் உட்காருகிற வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டோம், தையல் ஒரு வரிசை, கட்டிங் ஒரு வரிசை. நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில்.

சின்ன முதலாளி மேடைக்குப் பக்கவாட்டில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. எங்கள் வரிசைகளுக்கு நடுவிலேயே நிதானமாக நடந்து வந்தார். ஒவ்வொரு தலையாகக் கவிழ்ந்ததை நான் பார்த்தேன். எங்கள் பக்கம் வந்ததும் என் தலையும் கவிழ்ந்தது. பக்கத்தில் அக்கா மடியில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெருவிரலும் ஆள்காட்டி விரலும், இல்லாத தோலை ஊசிக்கு அடியில் தள்ளுவதுபோல அசைந்துகொண்டிருந்தன.

பஞ்சாயத்துத் தலைவர் தீர்மானத்தைப் படித்தார். கிடங்கு, தொழில் வளர்ச்சி, உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை என்று என்னென்னவோ வந்தது. கிணறு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. படித்து முடித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

நான் அக்காவை இடித்தேன். அவள் அசையவில்லை. மறுபடியும் இடித்தேன். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள், கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. தலைவர், “அப்போ ஏகமனதா...” என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்கா மேல், அந்தக் கோட்டு மேல், எல்லார் மேலும்தான். எழுந்துவிட்டேன். கிணற்றைப் பற்றிப் பேசத்தான் நினைத்திருந்தேன். ஆனால் சின்ன முதலாளி மேடையில் உட்கார்ந்திருக்கிறவரை இங்கே ஒரு தலை நிமிராது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. கிராம சபை என்றால் ஊர் வாக்காளர்கள் கூடும் சபை என்று என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதுதான் வாயில் வந்தது.

“இந்த ஊர்ல ஓட்டு இல்லாதவங்க கொஞ்சம் வெளிய இருந்தா, நாங்க பேசுவோம் சார்.”

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஐயா நம் விருந்தாளி, மரியாதையாக உட்கார் என்று அதட்டினார். சின்ன முதலாளி கையை உயர்த்தி அவரை அடக்கினார். சிரித்த முகமாகவே என்னைப் பார்த்தார்.

“நீ எந்த செக்‌ஷன்மா?”

அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“இன்னிக்கு லீவு சார்” என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். சின்ன முதலாளி எழுந்து, மேடையில் இருந்தவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெளியே போய்க் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கார் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அக்கா எழுந்தாள். எழுந்ததோடு சரி, வாயைத் திறக்க முடியாமல் அழுதாள். ஆனால் அவள் எழுந்ததைப் பார்த்து அவள் வரிசை எழுந்தது, பிறகு கட்டிங் எழுந்தது. கிணற்றுப் பக்கம் ஒரு கூடைக் குப்பைகூட விழக்கூடாது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, தலைவர் மைக்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தீர்மானம் நிறைவேறவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டியதாயிற்று. ஸ்வீட் பாக்ஸை யாரும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மறுநாள் காலை பஸ் வழக்கம்போல வந்தது. சூப்பர்வைசர் வாசற்படியிலேயே நின்றார். எனக்கு முன்னால் இருந்தவர்களை ஏற விட்டு, என்னிடம், “நீங்க ஏற வேணாம்மா” என்றார். அவரும் கூலிக்காரர்தான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அக்கா ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டாள். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவள் பையன் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தான், அவன் ஃபீஸ் முழுக்க அவள் சம்பளம்தான். ஏறு, உனக்கு எதுக்கு இந்தப் பேஜார் என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன். என் கையைத் தட்டிவிட்டாள். அவளைத் தாண்டி யாரும் ஏற முடியாது. வெளியே பாதிப் பேர், உள்ளே பாதிப் பேர். டிரைவர் ஹார்ன் அடித்தார். ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் அன்றைக்கு எங்கள் லைன் ஓடாது என்பது எங்களைவிடச் சூப்பர்வைசருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் சற்றுத் தள்ளிப் போய் போனில் பேசினார். பேசினார் என்பதைவிடக் கேட்டார் என்பதுதான் சரி. சரிங்க ஐயா, சரிங்க ஐயா என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. நல்ல சேதி கொண்டுவந்தவர் போலத்தான் சொன்னார்.

“ஏறிக்கோங்கம்மா. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் யாரையும் ஒண்ணும் பண்ண வேணாம்னு ஐயா சொல்லிட்டாரு.”

நல்லவேளை என்று யாரோ சொன்னார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நெடுஞ்சாலைக்கு வந்தது. அப்புறம் பின்சீட்டிலிருந்து ஒரு பெண், எலெக்‌ஷனுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டாள்.