சரோஜா அறுத்த கயிறு

முதலில் வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சுமத்ராவில் காடு எரிந்து, இங்கே மலேசியாவில் ஊர் முழுக்கப் புகைமூட்டம் கவிந்து, பட்டப்பகலில் லோரிகள் விளக்குப் போட்டு ஓடினவே... ரிங்கிட் சரசரவென்று விழுந்ததே... அந்த வருஷத்துத் தீபாவளி!

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்.)

அப்போது கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில், ஏழாவது மாடியில் குடியிருந்தோம்.

அன்று காலையிலேயே லிப்ட் படுத்துவிட்டது. (எந்தப் பெருநாளுக்குத்தான் அது ஓடியிருக்கிறது!)

விருந்தாளிகள் படியேறித்தான் வர வேண்டும்.

ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு கனமான கதவு. தள்ளிவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். தீயும் புகையும் தாண்டாமல் தடுக்கும் தீக்கதவு.

எங்களுக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம் என்று ஓப்பன் ஹவுஸ் வைத்திருக்கிறோம், வருகிறவர் முகத்துக்கு நேரே மூடிய கதவா என்றுதான் நினைத்தோம்.

எட்டாவது மாடி முனியாண்டி அண்ணன் மாடி மாடியாக இறங்கி, தோரணம் கட்டி மிஞ்சிய நைலான் கயிற்றால் எல்லாக் கதவுகளையும் திறந்தபடி கைப்பிடிக் கம்பியோடு இழுத்துக் கட்டினார். நல்ல மனுஷன். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பவே மாட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டு சரோஜா, பக்கத்து ஊர் மேருவில் கையுறை பேக்டரியில் வேலை பார்த்தவள், காய் நறுக்கும் கத்தியோடு வந்து அந்தக் கயிற்றை அறுத்துவிட்டாள்!

"ஏம்மா, நல்ல நாள்ல கதவச் சாத்துற? ஆளு வர வேணாமா?" என்றார் முனியாண்டி அண்ணன்.

"வர்றவங்களுக்குக் கை இல்லையாண்ணே? தள்ளிட்டு வரட்டும்லா! எம்புள்ள இப்பத்தான் ஓடப் பழகியிருக்கான். படியில உருண்டா நீங்களா தூக்குவீங்க?"

அவர் மறுபடி கட்டினார். அவள் மறுபடி அறுத்தாள்.

என் மனைவி லெட்சுமி என் காதில், "முறுக்கு குடுக்க மனசில்ல அவளுக்கு. அதான் கதவ சாத்துறா" என்றாள். (காதில்தான் சொன்னாள். மாடிக்கே கேட்டது.)

முனியாண்டி அண்ணன் சிரித்துவிட்டார். "போம்மா போ! உங்க மாடிக்கு ஒரு ஈ காக்கா வராது பாரு!" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் புகை வாசம் வந்தது.

ஒருவரும் அசையவில்லை. வாரக்கணக்கில் ஊரே அந்த வாசத்தில்தானே கிடந்தது!

"சுமத்ராக்காரன் இன்னைக்கும் லீவு விடல போல" என்று ஒருவர் சொல்ல, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கீழே அலறல் கேட்ட பிறகுதான் எழுந்தோம்.

நாலாவது மாடியில் ஒரு வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. வீட்டு வாசலும் திறந்து கிடந்தது, அந்த மாடித் தீக்கதவும் திறந்தபடி கட்டிக் கிடந்தது. புகை முழுக்கப் படிக்கட்டுக்குள் புகுந்து மேலே ஏறிவிட்டது.

நான் இறங்கி ஓடலாம் என்று கதவில் கை வைத்தேன். சரோஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தொறக்காதீங்கண்ணே! கண்ணாடியப் பாருங்க!"

கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே கறுப்பு.

கதவடியில் ஈரத்துணியைத் திணித்தோம். பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புக்காரர்கள், வரும்வரை பால்கனியில் நின்று கத்தினோம். எங்கள் மாடியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தீயணைத்து முடித்த பிறகு அதிகாரி வந்து, "இந்தக் கதவை மூடியது யார்?" என்று மலாயில் கேட்டார்.

எல்லோரும் சரோஜாவைப் பார்த்தோம். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

"நான்தாங்க சார்... புள்ள விழுந்துருவான்னு..."

"பாகுஸ், புவான்" என்றார் அவர். நல்லது செய்தீர்கள் என்று.

நாலாவது மாடியில் முழுதாக எரிந்தது அந்த ஒரு வீடுதான். பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் நடுவில் இருந்த சுவர் கரியாகிப்போனது, ஆனால் நெருப்பை அந்தப் பக்கம் விடவில்லை. கட்டடச் சட்டம் எழுதியவர்கள் சுவரையும் யோசித்து வைத்தார்கள், கதவையும் யோசித்து வைத்தார்கள்.

சுவரில் கயிறு கட்ட முடியவில்லை. அதனால் அது பிழைத்தது!

எட்டாவது மாடியில் கதவு கட்டியபடியே கிடந்தது. முனியாண்டி அண்ணனும் அவர் மனைவியும் புகையில் மூச்சடைத்துப் போய்ச் சேர்ந்தார்கள், தங்கள் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

இதை இப்போது ஏன் சொல்கிறேன்?

நான் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் மகனோடு இருக்கிறேன். எதிர்வீட்டுக்கு மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி புதிதாக வந்திருக்கிறார்கள். நேற்று அவர்கள் வீட்டில் பால் காய்ச்சினார்கள். லிப்ட்டிலிருந்து வீடுகளுக்கு வரும் வழியில் உள்ள தீக்கதவுக்கு ஓர் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"தம்பி, அந்த மூட்டைய எடுத்துருங்க."

"அங்கிள், விசேஷம் நடக்குது. வர்றவங்களுக்குக் கதவு மூடியிருந்தா நல்லாவா இருக்கும்? ஏதாச்சும்னா உடனே எடுத்துடுறேன்."

"அந்த நேரத்துல எடுக்க வராது தம்பி. முனியாண்டி அண்ணன் உங்களவிடச் சுறுசுறுப்பான ஆளு."

"அது யாரு அங்கிள்?"

சொன்னேன். உங்களுக்குச் சொன்னது போலவே முழுவதும் சொன்னேன். அவர் மனைவிதான் கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, மூட்டையை இழுத்துத் தன் வீட்டுக்குள் போட்டார். கதவு மெல்ல வந்து மூடிக்கொண்டது.

பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். எல்லோருக்கும் கை இருந்தது. தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்!

உங்கள் மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பது என்ன? செங்கல்லா, பூந்தொட்டியா, பழைய செருப்பா? போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

அந்த எதிர்வீட்டுப் பெண் கடைசியாக என்னிடம் ஒன்று கேட்டார்: "அன்னைக்கு உங்களோட நின்னவங்க எல்லாம் இப்ப இருக்காங்களா அங்கிள்?"

லெட்சுமி போய்விட்டாள். சுமத்ரா ஜோக் அடித்தவரும் போய்விட்டார். அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற பெரியவர்களில், என்னை விட்டால் இன்று இருப்பது ஒருத்திதான்.

சரோஜா.