வெள்ளைக் காய் மூத்தவருக்கு

நடந்தவை, வரிசைப்படி:

1. 2006இல் இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் டிப்ளோமாவை முடித்தேன்.
2. கொழும்பில் ஒரு கம்பெனி, மென்பொருள் பரிசோதிக்கும் வேலைக்கு என்னை எடுத்தது.
3. அப்பா சரி என்றார். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, வேண்டாம் என்றார்.
4. எங்கள் வீட்டில் பெண் பிள்ளை விஷயத்தில் மாமா வேண்டாம் என்றால், அப்பாவின் சரி செல்லாது.
5. ஆகவே என் வேலை ஒரு செஸ் பலகையின் மேல் போய் உட்கார்ந்தது.

ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம் சும்மா கிடக்கும். அங்கே மாமாவும் அப்பாவும் செஸ் ஆடுவார்கள். தோட்டத்து லொறி ஓட்டும் சிங்கள அண்ணன் ஒருவர் பக்கத்தில் நின்று, கேட்காமலேயே இருவருக்கும் யோசனை சொல்வார்.

வெள்ளைக் காய் எப்போதும் மூத்தவருக்கு. அது சட்டம் இல்லை, மரியாதை. மாமா மூத்தவர்; தோட்டத்திலேயே கெட்டிக்கார ஆட்டக்காரரும் அவர்தான். பல வருடங்கள் வெள்ளையை வைத்து ஜெயித்த பிறகு அவர் ஒரு கொள்கைக்கு வந்திருந்தார்: பிழை விடாமல் ஆடினால் முதலில் நகர்த்துகிற வெள்ளைதான் வெல்லும். தன் திறமையால் வெல்வதாக அவர் சொன்னதே இல்லை. அந்த அளவில் அடக்கமானவர்தான்.

ஒரு போயாவன்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாது மாமா. ரெண்டு பேருமே பிழை விடாம ஆடுனா டிராவாத்தான் போகும்னு நெறைய பேரு நெனக்கிறாங்க."

"நெனக்கிறாங்களா, தெரியுமா?"

"தெரியாது. யாரும் இன்னும் முழுசாக் கணக்குப் போட்டு முடிக்கல."

"அப்ப நீ போட்டுட்டு வா. வெள்ள ஜெயிக்காதுன்னு காட்டு, மறுநாளே கொழும்புக்குப் போ. இல்லாட்டி பிள்ளக் காம்பராவுல வேல இருக்கு, கொழுந்தெடுக்கப் போறவங்க புள்ளைங்களப் பாத்துக்கிட்டு இங்கேயே இரு."

எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை. நான் அதை எழுத்துபூர்வமான ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டேன். படித்த இடத்திலிருந்த கம்ப்யூட்டரில் ஒரு செஸ் புரோகிராமைத் தன்னோடு தானே ஆட விட்டேன். அடுத்த போயாவுக்கு முடிவைக் கொண்டு போனேன். முக்கால்வாசி ஆட்டம் டிரா.

மாமா கேட்டார், "அதுல யாரு மூத்தவரு?"

"ரெண்டு பக்கமும் ஒரே புரோகிராம்தான் மாமா."

"ரெண்டும் ஒரே ஆளுன்னா சண்ட எங்கேருந்து வரும்? டிராவாத்தான் போகும்."

நல்ல கேள்விதான். நான் உண்மையைச் சொன்னேன். அந்தப் புரோகிராமும் பிழை விடும். அது ஆயிரம் ஆட்டம் ஆடினாலும், பிழையே இல்லாத ஆட்டம் எப்படி முடியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

"அப்ப தெரியாதுன்னு சொல்றதுக்கா டிப்ளோமா குடுத்தாங்க?" என்றார் மாமா.

லொறிக்கார அண்ணன் "அனே பாவ்" என்று எனக்காக இரங்கினார். அடுத்த வாரம் நான் வேலைக்குச் சேர வேண்டும்.

அப்போதுதான் அப்பா பலகையைப் பிடித்துத் திருப்பினார். வெள்ளை அவர் பக்கம் வந்தது. மடுவத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

"மச்சான், இன்னைக்கு நா வெள்ள. வெள்ளதான் ஜெயிக்கும்னு நீங்கதானே சொல்றீங்க? நா தோத்தா பாப்பா போகட்டும்."

"பிழை விடாம ஆடுனாத்தான் ஜெயிக்கும்னு சொன்னேன், மாப்புள."

"அப்ப நா பிழை விடுவேங்கிறீங்களா?"

மாமாவிடம் பதில் இருந்தது. ஆனால் தங்கச்சி புருஷனைப் பார்த்து, நாலு பேர் முன்னால், அதுவும் வெளி ஆள் நிற்கும்போது, "ஆமா, விடுவீங்க" என்று எங்கள் சனத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். மாமா கறுப்பை எடுத்தார்.

அப்பா சுமாரான ஆட்டக்காரர். ஆனால் ராணியைக் கொண்டுபோய் ஒரு சிப்பாயின் வாயில் வைக்கும் அளவுக்கு மோசமில்லை. அன்று வைத்தார். வைத்துவிட்டு, கூரையில் ஏதோ ஒழுகுகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

மாமாவின் கை பலகைக்கு மேலே நின்றது. அவருக்கு இரண்டு வழிதான். ஒன்று, ராணியை வெட்டி ஜெயிக்கலாம். அவர் கொள்கை தோற்கும், நான் போய்விடுவேன். இரண்டு, வெட்டாமல் விட்டுத் தோற்கலாம். கொள்கை ஜெயிக்கும், நான் இருப்பேன். ஆனால் அப்பாவிடம் தோற்றதாகத் தோட்டம் முழுக்கப் பேசும்.

"கப்பன்ன, கப்பன்ன!" வெட்டச் சொல்லிக் குதித்தார் லொறிக்கார அண்ணன்.

"வச்ச ராணிய வெட்டாம இருக்க நா என்ன கோயில் ஐயரா!" என்று சொல்லி மாமா வெட்டினார். அதற்குப் பிறகு அப்பாவின் ராஜா அதிக நேரம் தாங்கவில்லை.

"ஒரே ஒரு ஆட்டத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மாமா," என்றேன் நான். முறைப்படி அதைச் சொல்லியாக வேண்டும் அல்லவா.

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. "போய்த் துணிமணிய எடுத்து வை."

இன்றைய நிலை: நான் கொழும்பில் அதே கம்பெனியில் வேலை செய்கிறேன். மாமா தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அன்று நடந்தது ஆட்டமே இல்லை என்கிறார், அது சரிதான். இருவரும் பிழையே விடாமல் ஆடினால் செஸ் டிராவில் முடியுமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.