பன்னிரண்டாவது கொக்கி

என் அண்ணன் வீட்டுப் பின்னறைச் சுவரில் பன்னிரண்டு கொக்கிகள். பன்னிரண்டிலும் எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்குகின்றன. பதினொன்று அவன் ஆசை ஆசையாகத் தேடி வாங்கியவை. பன்னிரண்டாவது என் வீட்டுக்காரருடையது. அது அங்கே போய்த் தொங்க வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை, அண்ணனும்தான்.

அண்ணன் ஒரு கண்ணாடிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவன். முப்பது வருடமாக அதே ஸ்டூல், அதே மெஷின், அதே முணுமுணுப்பு. லென்ஸில் மயிரிழை அளவு கீறல் தெரிந்தாலும் அவனுக்குப் பொறுக்காது, தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவான். வீட்டிலும் அதே புத்தி. டம்ளரில் கீறல், கதவில் கீறல், என் முகத்தில் ஒரு பரு என்றால்கூட உற்றுப் பார்ப்பான். எரிச்சலாக வரும்.

கிட்டார் வாங்கப் போனால் கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மரத்தைத் தட்டிப் பார்ப்பான். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வளைந்திருக்கிறதா என்று நீளவாட்டில் பார்ப்பான். எடை பார்க்க வீட்டிலிருந்து தராசு கொண்டுபோன கதையும் உண்டு. வாங்கி வந்த கையோடு பிரித்துப் போட்டுவிடுவான். ஒலியைப் பிடிக்கிற பிக்கப்பை மாற்றுவான், திருகுகளை மாற்றுவான், நிறத்தை மாற்றுவான். கழற்றியதை எல்லாம் டப்பாக்களில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி வைப்பான். வாசிப்பது மட்டும் நடக்காது. ஒரு பாட்டின் முதல் நாலு வரி வரும், அப்புறம் "சுருதி லேசா இறங்கிடுச்சு" என்று மறுபடி முறுக்க ஆரம்பித்துவிடுவான்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய செங்கல் நிறக் கிட்டார் ஒன்றே ஒன்று. வேலை முடிந்து வந்து, யூனிபார்ம் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிப்பார். இருபது வருடமாக வலது கை படிந்து படிந்து, மேல் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போய், வியர்வை ஊறி மரம் கறுத்திருந்தது. பின்பக்கம் முழுக்க பெல்ட் பக்கிள் கீறல். கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஃப்ரெட் என்பார்கள். அவர் அழுத்தி வாசித்ததில் முதல் மூன்று ஃப்ரெட்டிலும் கம்பிக்கு அடியில் குட்டிக் குட்டிப் பள்ளம் விழுந்திருந்தது. அதனால் கம்பி லேசாக இரையும். எங்கள் வீட்டுப் பாட்டெல்லாம் அந்த இரைச்சலோடுதான்.

எங்கள் ஒரே மகள் குட்டிக்கு அவர் கற்றுக்கொடுத்ததும் அப்படித்தான். "பாக்காத. பள்ளத்தத் தேடு, விரல் தானா உக்காரும்" என்பார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு தேடுவாள்.

அண்ணனுக்கு அந்தக் கிட்டாரைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும்.

"மாப்ள, ஒரு வாரம் குடுங்க. புதுசாக்கிக் குடுத்துடுறேன்."

"மச்சான், உங்ககிட்ட பதினோரு கிட்டார் இருக்கு. ஒரு பாட்டு இருக்கா?"

"உங்ககிட்ட பாட்டு இருக்கு. ஒழுங்கா ஒரு கிட்டார் இருக்கா?"

"நான் போய்ச் சேந்தப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க. இப்ப ஆளை விடுங்க."

இதே பேச்சு எத்தனை தடவை நடந்திருக்கும்! மூன்று பேரும் சிரித்திருக்கிறோம்.

போன வருடம், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்மேல் சாய்ந்தார். அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம் கிட்டாரில் அறுந்த ஒரு கம்பியை மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

குட்டி காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, மாமாகிட்ட சொல்லி அந்தக் கம்பிய மாத்தி வைம்மா. லீவுக்கு வரும்போது எடுத்துட்டுப் போறேன். அது கூட இருந்தா அப்பா கூட இருக்கற மாதிரி." நான் அண்ணனிடம் கொடுத்தேன். "ஒரு கம்பி மட்டும்" என்று சொன்னேனா, "கம்பி மாத்திக் குடு" என்று சொன்னேனா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், நினைவில்லை.

ஒரு மாதம் ஆயிற்று. கேட்டால் "ஆயிட்டே இருக்கு" என்பான். கம்பியைத் தேர்ந்தெடுக்கவே ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் ஆசாமிதானே என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பாட்டு மேசைமேல் பெட்டியை வைத்துத் திறந்தான். உள்ளே பளபளவென்று ஒரு சிவப்புக் கிட்டார். முகம் பார்க்கலாம்.

"உன்னோடத எதுக்குண்ணா கொண்டு வந்த? எங்களோடது எங்க?"

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! உனக்கே அடையாளம் தெரியல!" என்று சிரித்தான்.

திருப்பிப் பார்த்தேன். பக்கிள் கீறல் ஒன்றுகூட இல்லை. மேல் விளிம்பைத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. அவர் கை வைத்த இடம் எங்கே என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அடப்பாவி, என்ன பண்ணி வச்சிருக்க?"

"உப்புத்தாள் போட்டு மொத்தமா எடுத்துட்டேன். அஞ்சு கோட்டிங். ஃப்ரெட்டெல்லாம் புதுசு. இனிமே இரையவே இரையாது" என்றவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "அவருதானம்மா சொன்னாரு... போனப்புறம் பண்ணிக்கோங்கன்னு..."

"அவரு விளையாட்டுக்குச் சொன்னாரு! அவரு ஒரு தடவ செத்தது போதாதா உனக்கு?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். தப்பு என்ன என்பது மெதுவாகத்தான் அவன் முகத்தில் ஏறியது. லென்ஸ் தேய்க்கிறவனுக்குக் கீறல் என்றால் பழுதுதான். அதை ஒருத்தி பொக்கிஷமாக வைத்திருப்பாள் என்று அவன் கனவில்கூட நினைத்திருக்க மாட்டான். அது இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

குட்டியின் லீவுக்கு ஆறு வாரம் இருந்தது. மறுநாள் அண்ணன் வந்து வாசலிலேயே நின்றான். "மாப்ள வாசிக்கற போட்டோ இருந்தா எல்லாத்தையும் குடு. அவரோட பெல்ட்டும் வேணும்" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரிந்துதான் கொடுத்தேன்.

புதுக் கிட்டாரைப் பழசு போல ஆக்குகிற ஒரு வேலை இந்தக் கிட்டார் பைத்தியங்களிடம் உண்டு. உப்புத்தாளால் தேய்த்து, சாவிக்கொத்தால் கீறி, டீத்தண்ணியால் மரத்தைக் கறுக்க வைப்பார்கள். "பழசுன்னு பொய் சொல்றதுக்கு ஒரு தொழில்!" என்று அண்ணன் காலமெல்லாம் கிண்டலடித்தது அதைத்தான். இப்போது கடைக்கு லீவு போட்டுவிட்டு அதே வேலையில் உட்கார்ந்தான். போட்டோவைப் பார்ப்பதும் தேய்ப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருக்கிறான் என்று அண்ணி போனில் சொன்னார்.

குட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பு கொண்டு வந்தான். அதே செங்கல் நிறம், மேல் விளிம்பில் அதே இடத்தில், அதே அகலத்தில், அதே கறுப்பு. பின்னால் அதே பக்கிள் கீறல்கள்.

"அப்படியே இருக்குண்ணா" என்றேன்.

"குட்டிகிட்ட சொல்லணுமா?"

"வேண்டாம்."

சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

குட்டி மத்தியானம் வந்தாள். தோள் பையைக் கீழே போட்டதும் கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். அந்தக் கறுத்த இடத்தில் கையைப் படியவிட்டு, "அப்பா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அண்ணனும் கதவோரம் நின்றிருந்தோம். திருட்டு முழி என்றால் அன்றைக்கு எங்கள் முழிதான்.

அவள் இடது கை விரல்கள் கழுத்தில் ஊர்ந்தன. நின்றன. மறுபடி ஊர்ந்தன. ஒரு தடவை மீட்டினாள். சுத்தமாக, மணி மாதிரி ஒலித்தது. கண்ணைத் திறந்தாள்.

"மாமா, பள்ளம் எங்க?"

"ஃப்ரெட் மாத்தினேன்டா. இரைஞ்சுது, அதான்."

பெயின்டுக்கு அத்தனை பாடுபட்டவன் புது ஃப்ரெட்டை மட்டும் அப்படியே விட்டிருந்தான். ஒழுங்காக இருக்கிற ஃப்ரெட்டைக் கெடுக்கக் கை வரவில்லையாம், பிறகு சொன்னான்.

குட்டியின் முகம் சுருங்கியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டாள். "பரவால்ல மாமா. பழைய ஃப்ரெட்ட டப்பாவுல வச்சிருப்பீங்கல்ல? அதக் குடுங்க, போதும்."

ஒரு துருப்பிடித்த திருகைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன் தலையைக் குனிந்துகொண்டான். "தேஞ்சு போச்சேன்னு... குப்பையில போட்டுட்டேன்டா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்து என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவனால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, உப்புத்தாளிலிருந்து டீத்தண்ணி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முடிந்ததும் குட்டி தன் கைக்கு அடியில் இருந்த கறுப்பைப் பார்த்தாள்.

"அப்போ இது அப்பா கை இல்லையா?"

"இல்லடா."

"யாரு கை?"

"என் கை."

அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். கிட்டாரைப் பெட்டியில் வைத்து, இரண்டு கிளிப்பையும் பூட்டி, அவன் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே வச்சுக்கோங்க மாமா." கத்தியிருந்தால்கூடத் தேவலை, அவள் அதை மரியாதையாகச் சொன்னாள்.

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த நாள் பன்னிரண்டாவது கொக்கி அடித்தானாம். அதன் பிறகு அவன் கிட்டார் வாங்கவில்லை, பிரிக்கவில்லை. மற்றவற்றைத் துடைக்கிறான், அதை மட்டும் தொடுவதில்லை என்கிறார் அண்ணி.

குட்டி இப்போதும் தினம் சாயங்காலம் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா, கால் வலி எப்படி இருக்கிறது, மாமா நன்றாக இருக்கிறாரா என்று எல்லாம் கேட்கிறாள். கிட்டாரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.