பயந்துதான் திரும்பினேன்

என் தங்கை விமானி. வீட்டில் எங்கள் இருவரில் சைக்கிள் ஓட்டவே பயந்தவள் அவள்தான்.

பயிற்சி முடியும் கட்டத்தில், மழைக்காலத்தில் ஒருநாள், ஆசிரியரோடு சின்ன விமானத்தில் சேலத்திலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தாள். பச்சைமலைப் பக்கம் மேகம் மூடிக்கொண்டது. விமானம் மரங்களில் உரசி மரவள்ளிக் காட்டில் விழுந்தது. ஆசிரியர் மயங்கிவிட்டார். இவளுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. ஒற்றைக் கையால் பெட்ரோல் வால்வை அடைத்து, அவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தக் காட்டின் சொந்தக்காரக் குடும்பம் கட்டிலில் அவரைத் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றியது. இருவரும் பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னாள்: "மலை தெரியவே இல்லக்கா. தெரிஞ்சப்ப ஒவ்வொரு இலையும் தெரிஞ்சுது."

அம்மா இனிமேல் வேண்டாம் என்று அழுதாள். தங்கையோ தோள் சரியானதும் மறுபடி பறக்கப் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, வாடகை விமானம் ஓட்டும் வேலையில் இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். அவள் வேலை முடிந்து வந்ததும் கூட்டிப்போகலாம் என்று, அந்தப் பக்கம் வேறு வேலையும் இருந்ததால், நான் மதியமே ஸ்கூட்டரில் விமான நிலையம் போயிருந்தேன். சாயங்காலம் வரவேண்டியவள் அப்போதே திரும்பிவிட்டாள். அவள் விமானத்தில் போன ஒரு வியாபாரி கூடவே வெளியே வந்து கத்திக்கொண்டிருந்தார். பெங்களூரில் அவர் மகனுக்கு நிச்சயதார்த்தமாம்.

"இங்க வெயில் கொளுத்துது! பாதி வழியில எதைப் பார்த்தும்மா பயந்துட்டே?"

"மலைமேல மேகம் இறங்கியிருந்துச்சு சார். பயந்துதான் திரும்பினேன்."

"பயப்படுற ஆளு எதுக்கு இந்த வேலைக்கு வர்றே?"

சுற்றிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவளோ குரலை உயர்த்தவே இல்லை.

"கோபப்படுங்க சார், பரவாயில்ல. தரையில நின்னுதானே கோபப்படுறீங்க."

அவர் காரை நோக்கி நடந்தார். பின்னால் போன அவர் மனைவி நின்று, திரும்பி வந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் ஜன்னல் வழியா பார்த்தேம்மா. ஒரே வெள்ளை. எப்படா திரும்புவீங்கன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். அவர்கிட்டச் சொல்ல முடியல."

"நீங்க சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரமே திரும்பியிருப்பேங்க," என்றாள் தங்கை. அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அன்று அவளுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. ஆபீசில் விளக்கமும் கேட்டார்கள். எதற்கும் அவள் மழுப்பவில்லை. மேகத்துக்குள் புகுந்து மீண்டு வந்தவர்களின் கதைகளை நான் வாய்பிளந்து கேட்டிருக்கிறேன். ஆனால் பத்துப் பேர் முன்னால் "பயந்தேன்" என்று நிமிர்ந்து சொன்ன ஆள், எனக்குத் தெரிந்து, இவள் ஒருத்திதான்.

ஸ்ரீரங்கம் போகும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டும்போது பசிக்கிறது என்றாள். வண்டியை நிறுத்தினேன். நான் ஒன்று சாப்பிடுவதற்குள் நாலு பரோட்டா சாப்பிட்டு முடித்துவிட்டு, "விசேஷத்துல போய் நான் சாப்பிட்டதா சொல்லிடாதக்கா, அங்கயும் சாப்பிடணும்," என்றாள்.