கதவுக்குள் தண்ணீர்

நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு தாவீது உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "ஊத்து!" வெளியே அவர் மனைவி எஸ்தர் ரப்பர் குழாயைப் பிடிப்பாள். முதலில் சக்கரத்தின் மேல், பிறகு கதவு, கடைசியில்தான் கூரை. கூரையில் ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். ஓட்டை எங்கே என்று தெரியாது.

"இன்னும் எவ்ளோ நேரம் உள்ள குந்திகினு இருப்ப? ஒலை வெக்கவாவது ரெண்டு கொடம் மிச்சம் வெய்யி."

"ராணியம்மா, கண்ணாடி ஓரமா வா. பொறுமையா ஊத்து, பூச்செடிக்கு ஊத்தற மாரி." எஸ்தரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் சாலையை ஒட்டித் தகரம் வேய்ந்த ஷெட் அது. 1991. கார் என்றால் அம்பாசிடர், இல்லாவிட்டால் ஃபியட். புது மாருதி ஒன்று வந்து நின்றால் எஸ்தர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்ப்பாள். எஞ்சின் வேலைக்கு ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். காருக்குள் மழைத்தண்ணீர் வருகிறது என்றால் மட்டும் எல்லோரும் இந்த ஷெட்டுக்குத்தான் கைகாட்டுவார்கள்.

தாவீதின் முக்கியமான ஆயுதம் முகப்பவுடர் டப்பா. கதவு ரப்பரில் பவுடரைத் தூவி, கதவைச் சாத்தி, தண்ணீர் ஊற்றச் சொல்வார். நீர் புகுந்த வழியில் பவுடர் கரைந்து கோடு இழுத்திருக்கும். காரின் தரையில் செய்தித்தாளை விரித்து, எந்த மூலை முதலில் கறுக்கிறது என்று பார்ப்பார். "தண்ணி உள்ள வர்ற எடம் ஒண்ணு, வந்து நிக்கிற எடம் ஒண்ணு சார். நின்ன எடத்துல போயி தேடினா கெடைக்காது" என்பார்.

காலடியில் விரித்த நனைந்த ரப்பர் மேட்டைத் தூக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் வேலையை மறந்துவிடுவார். அடியில் காய்ந்த மல்லிகைச் சரம் கிடக்கும், கொண்டை ஊசி கிடக்கும், பாதி கிழிந்த சினிமா டிக்கெட் கிடக்கும். மவுண்ட் ரோடு ஒர்க் ஷாப்பில் இருபது வயதில் வேலை பழகியபோது ஒரு பச்சை ஃபியட்டில் ஒற்றைக் கொலுசு கிடைத்ததாம். "குட்டிக் கொலுசு. எடுத்துக் குடுத்தேன். அந்தம்மா கண்ணுல ஒத்திக்கிச்சு. இன்னா ஏதுன்னு நான் கேக்கல." இந்தக் கதையை மழைக்காலத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார், சொல்லி முடித்ததும் டார்ச்சைத் தேவையில்லாமல் ஒருமுறை போட்டு அணைப்பார்.

அந்த ஐப்பசி அடைமழையில், சன்னதித் தெரு வரது தம் அம்பாசிடரோடு வந்தார். தெருவிலிருந்து பாதி வண்டிகளை இந்த ஷெட்டுக்கு அனுப்பி வைப்பவர் அவர். டிரைவர் நாகப்பன் பின்னால் குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றான். பத்து வருடமாக அந்த வண்டியை ஓட்டுபவன்.

"ராத்திரி ஜன்னலை ஏத்தாம விட்டுட்டான். பின்சீட்டுக்குக் கீழே வெச்சிருந்த புடவை மூட்டை பூரா நனைஞ்சு போச்சு. ஒண்ணாந்தேதிலேர்ந்து வரவேண்டாம்னுட்டேன். நீ ஈரத்தை மட்டும் காயவெச்சுக் குடு, போறும்."

"ஏத்திட்டுத்தான் சார் பூட்டினேன்" என்றான் நாகப்பன். அதைப் பலமுறை சொல்லிச் சலித்த குரல்.

சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் போனார்கள். தாவீது வழக்கம்போல் உள்ளே உட்கார்ந்தார். கூரையில் கசிவில்லை. முன்கண்ணாடி ரப்பர் சரியாக இருந்தது. இறங்குவதற்காகப் பின்கதவைத் தள்ளியபோது அது கனத்தது. உள்ளே களக்கென்று ஒரு சத்தம்.

அவர் இறங்கவில்லை. கதவை மறுபடி மெல்ல ஆட்டினார். களக்.

கண்ணாடி ஏற்றியிருந்தாலும் அதன் ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கென்று கதவின் அடியில் ஓட்டைகள் உண்டு. சித்திரை மாதம், வடக்குப்பட்டு நிலத்துக்குப் போய்வரும் மண் ரோட்டில் வண்டிக்குள் தூசி தாங்கவில்லை என்று வரது மூன்று முறை குறைப்பட்டார். தாவீதுதான் அந்த ஓட்டைகளைத் தார் உருண்டை வைத்து அடைத்தார். இப்போது கதவு தொட்டியாகி நிரம்பி, உட்பக்க அட்டை வழியே வழிந்து புடவையை நனைத்திருக்கிறது.

எஸ்தருக்கும் சத்தம் கேட்டுவிட்டது. குழாயைக் கீழே போட்டாள்.

"நீ வெச்ச தாருதான?"

"ஆமா."

"நோண்டி எடுத்துட்டு, காயவெச்சிக் குடுத்துடு. யாருக்குத் தெரியப் போவுது? அந்தத் தெரு ஆளுங்க வராட்டி நாம இன்னா பண்றது?"

"நாகப்பன் இன்னா பண்ணுவான்?"

அவள் குனிந்து குழாயைச் சுருட்டத் தொடங்கினாள். "அந்தக் கதவுல கை வெக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பீடி பற்றவைத்தார்.

மாலை மழை விட்டிருந்தது. வரது வந்தார்; நாகப்பன் நாலடி தள்ளி நின்றான். "சார், கொஞ்சம் இப்பிடிக் குனிஞ்சி பாருங்க" என்று தாவீது பின்கதவைத் திறந்து பிடித்தார். வரது வேட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். தாவீது ஸ்குரூ டிரைவரால் கதவின் அடியில் ஒரு குத்துக் குத்தினார். தார் பிய்ந்து, கலங்கிய தண்ணீர் பீறிட்டு வரதுவின் பாதத்தில் கொட்டியது.

"என்னடா இது!"

"சித்திரையில நான் அடைச்சது சார். தூசிய மட்டும் நெனைச்சேன், மழைய நெனைக்கல. கண்ணாடி ஏத்தித்தான் இருந்துகீது."

தண்ணீர் நிற்க நேரமாயிற்று. வரது கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகப்பன் குடைக்கம்பியைத் திருகிக்கொண்டிருந்தான்.

பிறகு வரது நிமிர்ந்து, சாவிக்காகக் கையை நீட்டினார். தாவீது அந்தக் கையைத் தாண்டிப் போய், சாவியை நாகப்பனின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மடக்கினார்.