லிஃப்ட் நின்ற சனிக்கிழமை

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஊரில் பாதிப் பேரைப் படி ஏறவிடாமல் காப்பாற்றியவர், தானும் படி ஏறிப் பழகியதில்லை. தொப்பை லேசாக எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அப்படிப்பட்டவரைத்தான் மனைவியின் அண்ணன், பேருந்து ஓட்டுநர், உசுப்பிவிட்டார். முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு மூன்று வாரம் மலைப்பாதையில் நடப்பதாம்.

"உட்கார்ந்தே காலம் போயிடுச்சு மாப்பிள்ளை. கால் இருக்கும்போதே நடந்துடுவோம்."

பெரிய பை ஒன்று வாங்கினார். கண்ணில் பட்டதையெல்லாம் திணித்தார்: இரும்புச் சட்டி, இரண்டு கம்பளி, தலையணைகூட. மாட்டிக்கொண்டு எழுந்தவர், பை பின்னால் இழுக்க, கட்டிலில் மல்லாக்க விழுந்தார். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வீட்டையே தூக்கிட்டுப் போறதுன்னா என்னையும் சேர்த்துக் கட்டுங்க!"

தலையணை வெளியே வந்தது, சட்டியும் வந்தது. தண்ணீர் பாட்டில்களை நிரப்பிப் பையில் வைத்துத் தினமும் காலையில் நடந்தார். புது ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்புளமாக்கியது. ஆனாலும் நாளாக ஆக மூச்சு வாங்குவது குறைந்தது. கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார்.

ஒரு சனிக்கிழமை, முழுப் பாரத்தோடு பக்கத்து மலையில் ஏறி, கூடாரம் போட்டுத் தங்கிப் பார்ப்பது என்று முடிவானது. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் வாட்ச்மேன்.

"சார், லிஃப்ட் கதவு மூடுது, ஆனா நகர மாட்டேங்குது."

கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கதவு மூடியாயிற்று என்று லிஃப்டுக்குச் சொல்லும் சின்ன சுவிட்ச் போயிருக்கிறது. புது சுவிட்ச் அதே அறையின் மூலையில், அவருடைய கருவிப் பைக்குள் இருந்தது. போய் மாட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் வாசலில் மச்சான் பையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"பார்ட் கிடைக்கணும்பா. திங்கட்கிழமைதான் ஆகும். லிஃப்ட் ஓடாதுன்னு போர்டை மாட்டிடு."

"சார், இங்க ஒரு அம்மா..."

"திங்கட்கிழமை காலைல முதல் வேலையா வந்துடறேன்," என்று வைத்துவிட்டார்.

மலை நன்றாகத்தான் இருந்தது. ஏறும் வழியில் அந்த 'ஒரு அம்மா' ஒரு தடவை நினைவுக்கு வந்தாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

திங்கட்கிழமை, மலையில் மறுபடி கிளம்பிய கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். வாட்ச்மேன் அறைக் கட்டிலில், கையூன்றி நடக்கும் வாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலாவது மாடித் தையல்கார அம்மா உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் ஆபரேஷன். சனிக்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள். படி ஏற முடியாது. வாட்ச்மேனும் அவர் மனைவியும் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்திருக்கிறார்கள்.

சுவிட்சை மாற்றினார். லிஃப்ட் ஓடியது. அந்த அம்மா அவர் காலையே பார்த்தாள்.

"என்ன தம்பி இப்படி நொண்டறீங்க? அந்தப் பார்ட்டுக்காகவா இவ்ளோ அலைஞ்சீங்க? நீங்க நல்லா இருக்கணும்பா."

"பரவாயில்லம்மா," என்று வாயில் வந்துவிட்டது. கொப்புளத்தைவிட அந்த வார்த்தைதான் வீடு வரைக்கும் குத்திக்கொண்டே வந்தது.

சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க கெடந்தது நானா?"

மறுநாள் நாலாவது மாடிக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பாத்ரூம் போக வாட்ச்மேன் பொண்டாட்டி தோளைப் புடிச்சுக்கிட்டுத்தான் போகணும். வெளியில அவ புருஷன் நிப்பார். கூச்சத்துல தண்ணிகூடக் குடிக்காம கெடந்தேன் தம்பி."

அவருக்குத் தலை நிமிரவில்லை.

"நீங்க நல்லா இருக்கணும்னு வேற சொன்னேன்," என்றாள். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

நடையும் வேண்டாம், மலையும் வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டார். மச்சான் விடவில்லை.

"நடந்ததா தப்பு? பொய் சொன்னதுதானே தப்பு? ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க மாப்பிள்ளை."

அதற்குப் பிறகு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பிடித்துத் தன் கட்டடங்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். அந்தக் கட்டடத்தில் தையல்கார அம்மா கோலூன்றி லிஃப்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் மூணு வாரம் ஊர்ல இல்லம்மா. லிஃப்ட் நின்னா இவர் வருவார்."

அவள் புது ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவருக்கும் நடக்குற பழக்கம் உண்டா?"

"எனக்கு வண்டி இருக்குங்கம்மா," என்றார் புது ஆள், ஒன்றும் புரியாமல்.

அம்மா லேசாகச் சிரித்தாள். லிஃப்ட்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கிளம்பிப் போனார். மலைப்பாதையில் எங்கே சிக்னல் கிடைத்தாலும், வீட்டுக்குப் பேசுவதற்கு முன் வாட்ச்மேனுக்குத்தான் போன்.

"ஓடுது சார், ஓடுது," என்பார் அவர் சலிப்போடு. "நீங்க நிம்மதியா நடங்க."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடப்பார். நிம்மதி மட்டும் வந்தபாடில்லை.